டொராண்டோவா, சட்பரியா? குடும்பத்தோடு கனடா வருகிறவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் நீண்ட அனுபவம் உள்ளவர். மனைவி பி.எஸ்சி. நர்சிங் முடித்து தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மகளுக்குப் பதின்மூன்று முடிந்து பதினான்கு நடக்கிறது, மகனுக்கு ஆறு. பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டது, ஆகஸ்டில் கிளம்புகிறார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் சித்தப்பா மகன், "என் வீட்டு பேஸ்மென்ட் காலியாகத்தான் இருக்கு, வந்து இறங்குங்க" என்கிறார். அதே ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே சட்பரியில் இருக்கும் பழைய சகஊழியர், "டொராண்டோ பக்கமே போகாதே, நேரா இங்க வா" என்கிறார். இருவருமே நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதிலை முதலிலேயே சொல்கிறேன்: உங்கள் குடும்பத்துக்குச் சட்பரி. ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. வாடகை குறைவு, போக்குவரத்து நெரிசல் இல்லை, ஏரி இருக்கிறது என்றெல்லாம் சொல்லியிருப்பார். எல்லாம் உண்மைதான். அதற்காக மட்டும் சிறிய ஊருக்குப் போன பல குடும்பங்கள் இரண்டாவது குளிர்காலம் முடியும் முன்பே டொராண்டோவுக்கு லாரி பிடித்திருக்கின்றன. நான் ஒன்டாரியோவில் புதுக்குடியேறிகளுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். இந்தத் திரும்பி வருகிற கதை எனக்கு மிகவும் பழக்கம். அதில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: குடும்பத் தலைவருக்கு வேலை கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.

விண்ணப்பம் போடும்போது முதன்மை விண்ணப்பதாரர் யார் என்று பார்க்கிறோம் இல்லையா, ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்க வேண்டும். யாருடைய தொழில் எளிதில் இடம் மாறாதோ, அவருக்கு அந்த ஊரில் வேலை இருக்கிறதா? முதல் சம்பளம் எந்த ஊரிலும் எப்படியோ வந்துவிடும். இரண்டாவது சம்பளம் வருகிற ஊர்தான் குடும்பம் தங்குகிற ஊர்.

சிறிய ஊர்களின் வேலைச் சந்தை ஒரு தனி மாதிரி. மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், குழந்தைக் காப்பகம், கட்டுமானம், வெல்டிங், எலக்ட்ரீஷியன், கனரக வாகன மெக்கானிக் ஆகியவற்றில் ஆள் பஞ்சம் நிரந்தரமாக இருக்கும். மனிதவளம், சந்தைப்படுத்தல், வங்கியின் தலைமையக வேலை, மென்பொருள் சோதனை, தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் மாதத்துக்கு ஒன்றிரண்டு விளம்பரம் வந்தால் அதிசயம். ஆகவே கணவர் மென்பொருள், மனைவி எம்.பி.ஏ. என்று ஒரு குடும்பம் கேட்டிருந்தால் யோசிக்காமல் டொராண்டோ என்றிருப்பேன், அல்லது வாட்டர்லூ, ஒட்டாவா. நீங்கள் ஒரு மெக்கானிக்கும் ஒரு நர்ஸும். வடக்கு ஒன்டாரியோ தேடிக்கொண்டிருப்பது உங்களைப் போன்றவர்களைத்தான்.

சட்பரியைப் பற்றிக் கொஞ்சம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,66,004 பேர். நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சிதான். ஆனால் வடக்கு ஒன்டாரியோவில் அதுவே பெரிய ஊர். நிக்கல் சுரங்கத்தால் உண்டான ஊர். வாலே, கிளென்கோர் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் சுரங்கம் நடத்துகின்றன. அவற்றுக்குப் பம்பு, கன்வேயர், டிரில், லோடர் பழுதுபார்த்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. உங்கள் பராமரிப்பு அனுபவம் முதலில் விலைபோகும் இடம் இந்தச் சிறு நிறுவனங்கள்தான், சுரங்கம் அல்ல. ஹெல்த் சயின்சஸ் நார்த் என்ற மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பெரியாஸ்பத்திரி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மத்திய அரசின் வருமானவரி மையம் ஒன்றும் பெரிய வேலைகொடுப்பவர். இத்தனை வகையான வேலைகொடுப்பவர்கள் இருப்பதைத்தான் ஒரு சிறிய ஊரில் முதலில் பார்க்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரே தொழிலை நம்பி நிற்கும் ஒற்றைக்கால் ஊர்கள் ஆபத்தானவை. 2009 ஜூலையில் வாலே தொழிலாளர்கள் சட்பரியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்; முடிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. 2021 பிப்ரவரியில் இதே ஊரின் லாரன்ஷியன் பல்கலைக்கழகம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அந்த ஏப்ரலில் 69 படிப்புகளை நிறுத்தியது, பேராசிரியர்களும் ஊழியர்களும் கூட்டமாக வேலை இழந்தார்கள். அரசுப் பல்கலைக்கழகம் திவாலாகும் என்று கனடாவில் யாரும் நினைத்திருக்கவில்லை. வடக்கு ஒன்டாரியோவின் இன்னொரு ஊரான சூ செயின்ட் மேரியில் அல்கோமா ஸ்டீல் ஆலைதான் ஊருக்கு உயிர். 2025-ல் அமெரிக்கா உருக்குக்கு விதித்த 50 சதவீத வரி அந்த ஆலையை ஆட்டியதும் ஊரே ஆடிப்போனது. டொராண்டோவில் ஒரு நிறுவனம் மூடினால் மறுநாள் வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கலாம், வீடு மாற வேண்டாம். சிறிய ஊரில் வேலை போனால் வீடு, பள்ளி, நட்பு எல்லாமும் சேர்ந்து ஆட்டம் காணும்.

உங்கள் குடும்பத்தின் பலம் இங்கேதான். ஒருவர் சுரங்கம் சார்ந்த தொழில், மற்றவர் மருத்துவமனை. நிக்கல் விலை விழுந்தாலும் நோயாளிகள் குறையப்போவதில்லை. கணவன், மனைவி இருவரும் ஒரே துறையை நம்பிச் சிறிய ஊருக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன்.

இனி மனைவியின் பதிவு. இதுதான் முழு முடிவின் அச்சாணி. ஒன்டாரியோவில் நர்ஸாக வேலை பார்க்க காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோ என்ற பதிவு வாரியத்தில் பதிவு வேண்டும். சான்றிதழ் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், என்க்ளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வு, அண்மைக்கால வேலை அனுபவத்துக்கான சான்று எல்லாம் கேட்பார்கள். நீண்டகாலம் வேலையை விட்டிருந்தால் சிக்கல். ஆகவே விமானம் ஏறும்வரை அவர் வேலையை விடவேண்டாம். ஆவணங்களை நர்சிங் கல்லூரியிலிருந்தும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலிலிருந்தும் நேரடியாக அனுப்பச் சொல்வார்கள். அங்கே இருக்கும்போது நேரில் போய் நின்று அனுப்பவைப்பது எளிது, இங்கிருந்து போனில் கெஞ்சுவது பெரும்பாடு. அண்மை அனுபவமோ மொழிச் சான்றோ குறைவாக இருப்பவர்களுக்காக 2022 ஜனவரியில் ஒன்டாரியோ மேற்பார்வைப் பணித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் வேலை பார்த்து அதையே சான்றாகக் காட்டலாம். பதிவு வரும்வரை முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்கிற நர்ஸ்கள் நிறைய. வேலை கடினம்தான், முதுகு வலிக்கும். ஆனால் துறைக்குள்ளேயே இருக்கிறோம், நம்மைப் பற்றிப் பரிந்துரை சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார், இங்கத்திய மருத்துவமனைப் பேச்சுவழக்கு காதில் ஏறுகிறது. டொராண்டோவில் இதே நர்ஸ் முதலில் கிடங்கு வேலைக்குப் போய்விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஏஜென்சிக்காரர் மறுநாளே வேலை கொடுத்துவிடுவார், அதுதான் காரணம்.

பேஸ்மென்ட் விஷயத்தில் எனக்கு உள்ள பயமும் இதுவே. சொந்தக்காரர் வீடு, வாடகை சலுகை, கடைத்தெருவில் தமிழ்க் கடை, கோயில், இட்லி மாவு வரைக்கும் கிடைக்கும். "மூணு மாசம் இருந்துட்டு நல்ல வேலை பார்த்துக்கலாம்" என்று ஆரம்பிக்கும். கணவர் இரவு ஷிஃப்டில் பொட்டலம் கட்டுவார், மனைவி பகலில் காபிக் கடையில் நிற்பார், பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். மாதச் செலவுக்குச் சரியாகப் போகும். பதிவுத் தேர்வுக்குப் படிக்க நேரம் மட்டும் இருக்காது. மூன்று மாதம் மூன்று வருடம் ஆனபின் மருத்துவமனை அனுபவம் பழையதாகி, வாரியம் மறுபடி படி என்கிறது. ஸ்கார்பரோ கெட்ட இடம் என்று சொல்லவில்லை. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்தவர்கள் எதுவும் இல்லாமல் வந்து கட்டியெழுப்பிய தமிழ்ச் சமூகம் அது. பள்ளி, கடை, பத்திரிகை, வழக்கறிஞர், மருத்துவர் என்று எல்லாமே தமிழில் கிடைக்கிற இடம் இந்தக் கண்டத்தில் வேறு இல்லை. அந்த வசதிதான் புதிதாக வருபவரின் அவசரத்தைக் குறைத்துவிடுகிறது.

இப்போது பணம். குறைந்தபட்சக் கூலி ஒன்டாரியோ முழுக்க ஒன்றுதான். 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். அதாவது முதல் வருடம் சாதாரண வேலை பார்த்தாலும் சட்பரியில் கிடைக்கும் கூலி டொராண்டோவை விடக் குறையாது, வாடகை குறையும். குழந்தைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகையும் அப்படியே: 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான கணக்கில் ஆறு முதல் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 6,748 டாலர். குடும்ப வருமானம் ஏற ஏற இது குறையும். வந்த புதிதில் இந்தியாவில் வாங்கிய சம்பளத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்பதால் முதலில் ஏறக்குறைய முழுத் தொகையும் வரும். இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து மாதம் ஆயிரத்து நூறு டாலரை ஒட்டி. டொராண்டோவில் இது வாடகையில் ஒரு பகுதி. சட்பரியில் மளிகைக்கும் கார் காப்பீட்டுக்கும் போதும். வந்திறங்கிய முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள், தானாக வராது.

வாடகை விஷயத்தில் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு ஒன்டாரியோவின் வாடகை உயர்வு உச்சவரம்பு பொருந்தாது. பழைய வீடென்றால் 2026-க்கு வரம்பு 2.1 சதவீதம், புது காண்டோ அடுக்குமாடி வீடு என்றால் ஓராண்டு முடிந்ததும் உரிமையாளர் இஷ்டம். டொராண்டோவில் பளபளப்பான புது அடுக்குமாடியைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். இரண்டாவது, முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும்தான் உரிமையாளர் முன்பணமாகக் கேட்கலாம். கனடாவில் கடன் வரலாறு இல்லாதவர்களிடம் ஆறு மாதம், எட்டு மாதம் கேட்கிறார்கள்; கட்டாயப்படுத்த உரிமையில்லை. நம்மவர்கள் சென்னை அட்வான்ஸ் பழக்கத்தில் எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

சட்பரியில் வாடகையில் மிச்சமானது காரில் போகும் என்பதையும் எழுத வேண்டும். ஊருக்குள் பஸ் இருக்கிறது. ஆனால் காலை ஏழு மணி ஷிஃப்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் அதை நம்பி மருத்துவமனை வேலையில் சேர முடியாது. உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு வண்டி ஒரு வருடத்துக்குள் தேவைப்படும். பனிக்கால டயர் தனி. இருவரும் ஓட்டத் தெரிந்து வாருங்கள், இருவருமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஓட்டுநர் அனுபவத்துக்கான அத்தாட்சிக் கடிதம் வாங்கி வாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் என்று அது காட்டினால், இங்கே எழுத்துத் தேர்வு முடித்ததும் நேராக முழு லைசென்ஸுக்கான சாலைத் தேர்வுக்குப் போகலாம். இல்லாவிட்டால் படிப்படியாக ஏற வேண்டும். காப்பீடு அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து மாறும். டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் கேட்கிற தொகையைக் கேட்டால் தலை சுற்றும், வடக்கில் கணிசமாகக் குறைவு.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருப்பார்கள். ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 சாதாரணம். பகலில் வெயில் அடிக்கும். டொராண்டோவின் ஈரமான சாம்பல் நிறக் குளிரை விட இது பரவாயில்லை என்பது என் கட்சி, மறுப்பவர்களும் உண்டு. குளிரை விடச் சாலை முக்கியம். சட்பரியிலிருந்து டொராண்டோ சுமார் 400 கிலோமீட்டர். வழியில் சில பகுதிகள் இன்னும் இருவழிச் சாலைதான், பனிப்புயலில் மூடிவிடுவார்கள். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் பொங்கலன்று போய்விட்டு அன்றே திரும்பலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

மகளுக்கு வருவோம். உண்மையில் உங்கள் கேள்வியில் நான் அதிகம் யோசித்தது அவளைப் பற்றித்தான். அந்தந்த ஆண்டில் பதினான்கு வயதை எட்டுகிறவர்கள் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பு. ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளி அங்கே தொடங்கிப் பன்னிரண்டில் முடிகிறது. பட்டயம் வாங்க 30 பாடப் புள்ளிகள், பத்தாம் வகுப்பில் எழுத்தறிவுத் தேர்வு, 40 மணி நேரச் சமூக சேவை. நான்கு வருடப் படிப்பு இது. ஒன்பதில் எல்லோருமே புதுப் பள்ளிக்குப் புதியவர்கள் என்பதால் அந்த செப்டம்பரில் சேர்கிற பிள்ளை அவ்வளவாகத் தனித்துத் தெரியாது. பதினொன்றாம் வகுப்பில் ஊர் மாற்றினால் அவ்வளவுதான். அந்த வயதில் நட்பை அறுத்துக்கொண்டு வருகிற பிள்ளை பேசுவதையே நிறுத்திவிடும், பார்த்திருக்கிறேன். எனவே சட்பரிக்குப் போவதென்றால் நான்கு வருடத்துக்குப் போங்கள். இரண்டு வருடம் இருந்து பார்ப்போம் என்ற கணக்கு மகனுக்கு ஒத்துவரும், அவனுக்கு ஆறு வயது. மகளுக்கு ஒத்துவராது.

வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் மாநிறமாக இருக்கக்கூடும். இதை மழுப்பிச் சொல்லி என்ன பயன்? சிறிய ஊரில் எல்லோர் கண்ணும் நம் மேல் இருக்கும். ஆசிரியருக்கு முதல் வாரமே பெயர் தெரியும், ஐஸ் ஹாக்கி அணியில் சேரச் சொல்லி வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா வந்து நிற்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே பனியை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார். அதே ஊரில் ஒரு பையன் பஸ்ஸில் ஏதாவது சொல்வான், கடையில் ஒருவர் "எந்த ஊர், எப்போ திரும்பிப் போவீங்க" என்பார். ஸ்கார்பரோவில் இந்த இரண்டுமே குறைவு. மகள் கூட்டத்தில் கரைந்துபோக விரும்புகிறவளா, கவனிக்கப்பட்டால் மலர்கிறவளா என்று உங்களுக்குத்தான் தெரியும். அவளிடமே கேளுங்கள். முடிவு செய்துவிட்டுச் சொல்லாமல், முடிவு செய்வதற்கு முன்னால் கேளுங்கள்.

தமிழ் விஷயத்தில் சட்பரி தோற்கும். டொராண்டோவில் பள்ளி வாரியமே தமிழ் வகுப்பு நடத்துகிறது. 2016-ல் ஒட்டாவா நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றுக்கொண்டது. அந்த மாதத்தில் ஸ்கார்பரோவில் விழா இல்லாத வாரஇறுதி இருக்காது. சட்பரியில் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்க நீங்கள்தான் வாத்தியார். மகள் தப்பித்துவிட்டாள், அவளுக்கு ஏற்கெனவே எழுதத் தெரியும். மகனுக்குத்தான் இழப்பு.

இன்னொன்றும் உங்கள் நண்பர் சொல்லியிருக்க மாட்டார், அவர் போன சமயத்தில் நிலைமை வேறாக இருந்திருக்கும். சட்பரி, நார்த் பே, டிம்மின்ஸ், தண்டர் பே போன்ற ஊர்களில் கடந்த சில வருடங்களில் இந்திய மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தது பெரும்பாலும் கல்லூரிகளுக்கு வந்த வெளிநாட்டு மாணவர்களால். 2024 ஜனவரியில் மத்திய அரசு மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த மாணவர் கட்டணத்தை நம்பியிருந்த வடக்குக் கல்லூரிகள் படிப்புகளை நிறுத்தின, மாணவர் கூட்டம் வடிகிறது. உங்களுக்கு இதில் நல்லதும் உண்டு: வாடகை வீட்டுக்கான போட்டி தளர்கிறது, பகுதிநேர வேலைக்கும் போட்டி குறைகிறது. கெட்டது: நண்பர் படம் எடுத்து அனுப்பிய அந்த மளிகைக் கடை நீங்கள் வரும்போது இருக்குமா என்று அவரிடமே கேளுங்கள்.

மருத்துவம். இரண்டு இடத்திலும் குடும்ப மருத்துவர் கிடைப்பது கஷ்டம், சட்பரியில் கூடுதல் கஷ்டம். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்டாரியோ 2020 மார்ச்சில் எடுத்துவிட்டது, அதனால் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். சாதாரண நோய், பிரசவம், விபத்து, புற்றுநோய்ச் சிகிச்சை வரை உள்ளூரில் பார்க்கலாம். அரிதான குழந்தை நோய் என்றால் டொராண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஒட்டாவாவுக்கோதான் போக வேண்டும். தூரப் பயணத்துக்கு வடக்கு ஒன்டாரியோ மக்களுக்கு அரசு பயணப்படி தருகிறது, ஆனால் விடுப்பு எடுத்து அலைவதற்குப் படி இல்லை. உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்குத் தொடர்ந்து சிறப்பு மருத்துவரோ பேச்சுப் பயிற்சியோ தேவை என்றால், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு டொராண்டோ போங்கள்.

பின்னால் மனம் மாறினால்? கனடாவில் பி.ஆர். உள்ளவருக்கு நாட்டின் எந்த மாகாணத்திலும் போய் வாழும் உரிமை அரசியலமைப்பின் உரிமைச் சாசனம் ஆறாவது பிரிவில் இருக்கிறது. நீங்கள் ஊர் சார்ந்த திட்டத்தில் வரவில்லை, எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்கிற மத்திய அரசின் பொதுவான முறையில் வருகிறீர்கள் என்பதால் எந்தக் கட்டும் இல்லை. ஊர் சார்ந்த திட்டத்தில் வருகிறவர்கள் நிலை வேறு. 2019-ல் தொடங்கிய கிராமப்புற, வடபகுதிக் குடியேற்றத் திட்டம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. 2025 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த திட்டத்தில் சட்பரி, தண்டர் பே, பிராண்டன், மூஸ் ஜா உட்பட 14 பகுதிகள். அதில் அந்த ஊரின் அங்கீகரிக்கப்பட்ட முதலாளியிடமிருந்து வேலை உத்தரவு வேண்டும், அங்கேயே வாழ்கிற எண்ணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பி.ஆர். வந்த மறுவாரமே மூட்டை கட்டுவதற்கு அதைப் படிக்கல்லாகப் பார்க்கிறவர்கள், நாளை அந்த எண்ணம் பொய் என்று கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது என்றும் யோசிக்கட்டும்.

மனம் மாறுவதற்கான வழி திறந்திருக்க வேண்டுமென்றால் ஒரே மாகாணத்துக்குள் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். நர்சிங் பதிவு, தொழிற்சான்று, ஓட்டுநர் உரிமம், மருத்துவ அட்டை, பள்ளிப் பாடத்திட்டம் எல்லாமே மாகாண விஷயம். சட்பரியிலிருந்து டொராண்டோ போனால் முகவரி மட்டும் மாறும். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மங்க்டனிலிருந்தோ மனிடோபா மாகாணத்தின் பிராண்டனிலிருந்தோ போனால் ஒவ்வொன்றையும் மறுபடி மாற்ற வேண்டும். "நியூ பிரன்ஸ்விக்கில் வீடு மலிவு" என்று யாராவது இழுத்தால் இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் சொந்தத் தொழிலுக்கு வருகிறேன். ஒன்டாரியோவில் தொழிற்சாலை இயந்திர மெக்கானிக் வேலைக்கு, அதாவது இங்கே மில்ரைட் என்கிறார்களே, சான்றிதழ் கட்டாயமில்லை. எலக்ட்ரீஷியனுக்குக் கட்டாயம், உங்களுக்கு இல்லை. அதனால் வந்த உடனே வேலையில் சேரலாம். ஆனால் சான்றோடு இருக்கும் மில்ரைட்டுக்கும் இல்லாதவருக்கும் சம்பளத்தில் நல்ல வித்தியாசம். ஸ்கில்ட் டிரேட்ஸ் ஒன்டாரியோ என்ற அமைப்பு உங்கள் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேர்வு எழுத அனுமதிக்கும். 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அதற்கு உங்கள் பழைய முதலாளிகளிடமிருந்து என்னென்ன இயந்திரம், எத்தனை மணி நேரம், என்னென்ன பழுது என்று விவரமான கடிதம் வேண்டும். "இவர் நல்லவர், ஒழுக்கமானவர்" என்ற கடிதம் ஒரு பைசாவுக்கு உதவாது. அம்பத்தூரை விட்டுக் கிளம்பும் முன் ஹெச்.ஆர். ஆளை உட்காரவைத்து எழுதி வாங்குங்கள். 2026 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகள் விளம்பரத்தில் "கனடா அனுபவம்" கேட்கக்கூடாது என்று சட்டம். விளம்பரத்தில் கேட்க மாட்டார்கள், நேர்காணலில் மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மருந்து இந்த விவரமான கடிதம்தான்.

இடைப்பட்ட வழியும் உண்டு. தெற்கு ஒன்டாரியோவில் லண்டன் (இங்கிலாந்து லண்டன் அல்ல), விண்ட்சர், கிச்சனர், ஹாமில்டன் போன்ற ஊர்களில் தொழிற்சாலையும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன, டொராண்டோ சில மணி நேரத்தில். வாடகை சட்பரிக்கும் டொராண்டோவுக்கும் நடுவில். மகள் சட்பரி வேண்டவே வேண்டாம் என்றால் லண்டனைப் பாருங்கள். வாகனத் தொழிலை நம்பியிருக்கும் விண்ட்சரை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகஸ்டில் வந்திறங்கும்போது சித்தப்பா மகன் வீட்டில் இரண்டு வாரம் தங்குங்கள், அவர் மனமும் குளிரும். சமூகக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் எழுத்துத் தேர்வு மூன்றையும் முடித்துவிட்டு, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் பள்ளி திறப்பதற்குள் சட்பரி போய்ச் சேருங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். நண்பரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர்க் குழாயையும் ஹீட்டரையும் திறந்து காட்டி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், வாடகையில் வெப்பமூட்டும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மனைவியின் பதிவுக் கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. தொடங்கியிருந்தால் மேலே சொன்னபடி கிளம்பலாம். இன்னும் தொடங்கவே இல்லை என்றால், விசா காலாவதித் தேதிக்குள் நீங்கள் அனைவரும் ஒன்றாக வந்து பதிந்துவிட்டு, அவர் மட்டும் திரும்பிப் போய் வேலையில் இருந்தபடியே சான்றுகளை அனுப்பி, தேர்வையும் இந்தியாவிலேயே எழுதிவிட்டு வருவது ஒரு வழி. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நிலைக்கும்; சில மாதப் பிரிவால் அதற்குப் பங்கமில்லை. ஆனால் முதல் பள்ளிப் பருவத்தில் இரண்டு பிள்ளைகளோடு நீங்கள் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் மட்டும், அந்தச் சில மாதங்களுக்கு ஸ்கார்பரோ பேஸ்மென்ட்டை ஏற்றுக்கொண்டு, மகளின் முதல் செமஸ்டர் முடியும் ஜனவரி இறுதியில் சட்பரிக்கு மாறுங்கள்.